பழைய தோட்டத்துக்கு ஏதாவது செய்யணும், கையில் 18,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. எதில் போடுவது?

பாயான்பாரு_பையன் கேட்டது:

வணக்கம். நாங்கள் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், பெரும்பாலானவர்கள் இப்போது பினாங்குத் தீவில் இருக்கிறோம், பாயான் லெப்பாஸ் பேக்டரிகளில் வேலை, இரண்டு பேர் ஆசிரியர்கள். தோட்டம் பெருநிலப் பக்கம், நிபோங் திபாலிலிருந்து உள்ளே போகணும். பெயர் வேண்டாம், எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள்.

ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து வெகு காலம் ஆகிவிட்டது. குலை வெட்டுவது எல்லாம் இந்தோனேசியா, வங்காளதேச ஆட்கள். நம்மவர்கள் முப்பது, நாற்பது குடும்பம் இருக்கலாம். பாதி வீட்டில் வயதானவர்கள் மட்டும். மீதி, அப்பா வெளியே லாரி ஓட்டவோ செக்யூரிட்டி வேலைக்கோ போகிற, சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள்.

மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி என்று போட்டு வந்தோம், 18,000 சேர்ந்துவிட்டது. இப்போதுதான் சண்டையே. ஒரு கட்சி கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தின் கூரையை மாற்றி, பக்கத்தில் ஊஞ்சல், சறுக்கு வைத்துப் பூங்கா போடலாம் என்கிறது. இன்னொரு கட்சி கணினி அறை. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை, ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் பக்கம் எது நிஜமாகவே பயன்பட்டது, எது ஆறு மாதத்தில் தூசி படிந்தது என்று சொல்லுங்கள். "அரசாங்கத்தைக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

---

ஓய்வுகிராணி:

தம்பி, கூரைக்கு அளவு எடுப்பதற்கு முன் ஒன்று கேட்டு வாருங்கள். அந்த மண்டபம் யார் நிலத்தில் நிற்கிறது?

முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், இதைக் கேட்காமல் சிமெண்டு கொட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தோட்டம் தனியார் நிலம். லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பள்ளிக்கூடம், பல இடங்களில் கோயில்கூட கம்பெனி நிலத்தில்தான் நிற்கிறது. கம்பெனி கைமாறினால், அல்லது பத்து காவான் மாதிரி வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டால், உங்கள் ஊஞ்சலும் சறுக்கும் புல்டோசருக்குத்தான். எழுத்தில் ஒரு வரி அனுமதி இல்லாமல் அங்கே ஆணிகூட அடிக்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்துக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, தார் ரோடு, தெரு விளக்கு, பாலாய் ராயா என்கிற பொது மண்டபம் எல்லாம் வந்தது, தோட்டத்துக்கு ஏன் வரவில்லை என்றால் காரணம் இந்த நில விவகாரம்தான். அரசாங்கப் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவு செய்ய முடியாது என்று சொல்லிவிடுவார்கள். குப்பை லாரிகூட தோட்டத்து எல்லை வரைதான். ஐந்தாண்டுத் திட்டம் ஒவ்வொன்றிலும் கிராம மேம்பாடு என்று கோடிக்கணக்கில் ஒதுக்கியபோது நம் ஆள் கம்பத்துக்காரன் கணக்கிலும் வரவில்லை, பட்டணத்தான் கணக்கிலும் வரவில்லை. அந்தப் பொறுப்பு முதலாளியுடையது என்று விட்டுவிட்டார்கள்.

முதலாளியின் பொறுப்புக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990, நம்பர் 446. வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம், பழுது பார்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது. கூரை ஒழுகினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால் அது வேலையில் இருக்கும் தொழிலாளிக்கு. அறுபது வயதில் ஓய்வு பெற்று, போக இடமில்லாமல் அதே லயத்தில் இருக்கிற பெரியவருக்கு அந்தச் சட்டத்தில் பிடிமானம் இல்லை, நிர்வாகத்தின் தயவில்தான் இருக்கிறார். உங்கள் பட்டியலில் பாதி வீடு அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சொல்ல வந்த விஷயம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி தோட்டங்களை வாங்கினார், கெடாவில் புக்கிட் சீடிம் அப்படி வாங்கியதுதான். அவர் சமையல்கட்டு, மண்டபம் என்று ஆரம்பிக்கவில்லை, நிலத்தில் ஆரம்பித்தார். உங்கள் 18,000-இல் நிலம் வராது, தெரியும். நிலம் தேவைப்படாத வேலையாகப் பாருங்கள்.

---

ஜாவி_மருமகள்:

நான் இதே மாதிரி ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறேன், கட்டிக்கொண்டு வந்தவள். கொஞ்சம் சூடாக எழுதினால் மன்னிக்கவும், இந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு அப்படித்தான் வருகிறது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரே கலர் டி-சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அரிசி, எண்ணெய், முறுக்கு மாவு. பாட்டிகளை வரிசையில் நிற்க வைத்து போட்டோ. ஒரே வீட்டுக்கு மூன்று குழு மூன்று மூட்டை அரிசி கொடுத்த வருடமும் உண்டு. ஜனவரியில் யாரும் வருவதில்லை. பள்ளி திறக்கும் நேரத்தில்தான் எங்களுக்குக் காசு முட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கணினி அறை வேண்டாம். எங்கள் லயத்தில் கைப்பேசிக் கோடே கோயில் திட்டில் ஏறி நின்றால்தான் கிடைக்கும், கணினி வைத்து என்ன செய்வது. பட்டணத்தில் இலவச இணைய மையம் இருக்கிறது, நாடி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், அங்கே கணினி, சொல்லிக் கொடுக்க ஆள் எல்லாம் இருக்கிறது. இல்லாதது அங்கே போய்ச் சேர வழி.

என் பெரியவள் படிவம் 1, இடைநிலைப்பள்ளி முதல் வருடம். மலாய் கொஞ்சம் வீக் என்று புகுமுக வகுப்பு போட்டு, ஒரு வருடம் தள்ளித்தான் படிவம் ஒன்றுக்கே வந்தாள். மதிய வகுப்பு. விட்டு வீடு வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். பள்ளி பஸ் உள்ளே வராது, பெரிய ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து செம்பனைக்கு நடுவே மண் ரோடு, விளக்கு கிடையாது, பன்றியும் பாம்பும் வேறு. என் வீட்டுக்காரர் வேலையில் இருந்தால் நான் மோட்டாரில் போய் நிற்கணும், மழை வந்தால் சின்னவனையும் தூக்கிக்கொண்டு. பஸ் காசு தனி. போன வருடம் எங்கள் லயத்தில் ஒரு பையன் படிவம் இரண்டோடு நின்றுவிட்டான். படிக்க வராமல் இல்லை. அவன் அம்மாவுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, சாரா காசு, சாமான் வாங்க அரசாங்கம் கொடுக்கிற உதவி. மைகாடில் (அடையாள அட்டையில்) ஏற்றிவிடுகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அதைத் தட்டிச் சாமான் வாங்கப் பதிவு செய்த கடையாக இருக்கணும். எங்கள் முனைக்கடைக்காரர் பதிவு செய்யவில்லை, மனுஷனுக்குக் கணினி என்றாலே பயம். அந்தக் காசைச் செலவு செய்ய பாட்டிகள் பட்டணத்துக்குக் கார் பிடிக்கிறார்கள், அதிலேயே பாதி போய்விடுகிறது. உங்கள் குழுவில் யாராவது ஒருவர் வந்து கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தால் அதற்கு ஒரு காசு செலவில்லை. இதை எந்த டி-சட்டையும் செய்யவில்லை.

---

பட்டர்வொர்த்_வேலு:

எல்லாரும் கோபப்படுவீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் எதையும் போடாதீர்கள். அங்கே இனி வாழ்க்கை இல்லை. ஆட்களை வெளியே கொண்டு வர உதவுங்கள். பினாங்கில் மலிவு வீடு 42,000 வெள்ளி, அடுத்த வகை 72,500. இந்த விலைக்குப் புது வீடு வேறு எங்கே கிடைக்கும்? விண்ணப்பம் போட வைத்து, முன்பணத்துக்கு உதவினாலே போதும். நாங்கள் அப்படித்தான் வந்தோம், தங்கச்சி இப்போது டிப்ளோமா முடித்துவிட்டாள். லயத்தைச் சிங்காரிப்பது அங்கேயே இருங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

---

ஓய்வுகிராணி:

வேலு சொல்வதில் பாதி சரி. பிள்ளை வேலையில் இருக்கிற வீட்டுக்கு இது நல்ல வழி, பிள்ளையின் பெயரிலேயே விண்ணப்பம் போடலாம், சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து (முன்பு இரண்டாவது கணக்கு) வீட்டுக்கு எடுக்கலாம். அறுபத்தெட்டு வயது கிழவிக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? அப்படியே கிடைத்து ஏழாவது மாடியில் கொண்டு வைத்தாலும், வாசலில் முருங்கையும் நாலு கோழியும் வைத்துப் பிழைத்த ஆள் அங்கே என்ன செய்வார். மாதப் பராமரிப்புக் காசு கட்டாமல் தண்ணீர் அறுந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

---

தாதி_அக்கா:

அரசாங்க கிளினிக்கில் வேலை, எந்த ஊர் என்று வேண்டாம். செபராங் பிறை தெற்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற நம்மவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

முதலில் இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆள் என்றால் காலில் காயம் பட்டு, மஞ்சள் பத்துப் போட்டு, கறுத்த பிறகுதான் வருவார். திட்டுவோம். ஆனால் அவர் சொல்வதையும் கேட்கணுமே. கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாடகைக் கார் எண்பது, தொண்ணூறு வெள்ளி. கிரேப் (கைப்பேசியில் கூப்பிடுகிற கார்) போகும்போது வரும், திரும்பும்போது தோட்டம் என்று தெரிந்ததும் கேன்சல் பண்ணிவிடுவான். மருந்து கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிற நாட்டில் கார் காசுக்காகத் தவணையை விடுகிறார்கள். மகன் லீவு எடுத்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று சொல்லாமலே இருந்துவிடுகிற அம்மாக்கள் வேறு.

அதனால் என் ஓட்டு கார் காசுக்கு. தோட்டத்திலேயே கார் வைத்திருக்கிற, நம்பிக்கையான ஒருவரைப் பிடியுங்கள். யாருக்கு என்றைக்குத் தவணை என்று தவணை அட்டையைப் பார்த்து எழுதி வைத்து, ஒரே கிளினிக் நாளில் மூன்று, நாலு பேரைச் சேர்த்துக் கூட்டிப் போகட்டும். நாங்களும் தேதியை ஒன்றாகப் போட்டுக் கொடுப்போம், கேட்டால் செய்வோம், யாரும் கேட்பதில்லை.

அப்புறம் காகிதம். எஸ்டிஆர் என்கிற அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவர்களும் அவர்கள் கணவன் மனைவியும் 40 வயதைத் தாண்டியிருந்தால் குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடம்பைச் சோதிக்கலாம், சில தனியார் கிளினிக்குகளிலும் செய்யலாம். எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று லயத்தில் கேட்டுப் பாருங்கள். ஆதரவு இல்லாத முதியவர்களுக்குச் சமூகநல இலாகா மாதம் 600 வெள்ளி கொடுக்கிறது, 2025-இல் 500-லிருந்து ஏற்றினார்கள். விண்ணப்பம் மலாயில், வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பிள்ளை எங்கே, எவ்வளவு கொடுக்கிறான் என்றெல்லாம் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கே வெட்கப்பட்டுப் பாதியில் விட்டவர்கள் உண்டு. பக்கத்தில் ஒரு படித்த பிள்ளை நின்றால் போதும்.

சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கிற பெரியவர்கள் இருந்தால் அது தனிக் கதை. இங்கேயே பிறந்து இங்கேயே ரப்பர்ப் பால் வெட்டி, பேப்பர் சரியாக இல்லாததால் நிரந்தரவாசியாகவே நிற்பார்கள். உதவித்தொகை எதுவும் கிடைக்காது. பதிவிலாகாவில் அலைய ஆள் வேண்டும், அதற்குக் காசு அல்ல, பொறுமைதான் வேண்டும்.

---

பாயான்பாரு_பையன்:

எல்லாருக்கும் நன்றி. படித்துக்கொண்டே இருக்கிறேன். ஜாவி அக்கா, அரிசி மூட்டை விஷயம் எங்களுக்கும் கொஞ்சம் குத்துகிறது, பரவாயில்லை.

பஸ், கார் இரண்டும்தான் வழி என்றால் நாங்களே பழைய வேன் ஒன்று வாங்கிவிட்டால் என்ன? காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் கிளினிக், சாயங்காலம் திரும்பப் பிள்ளைகள். ஒரு அங்கிள் ஓட்டுவதற்குத் தயார்.

---

பள்ளிபஸ்_அண்ணன்:

வேண்டவே வேண்டாம் தம்பி. நான் இதே தொழிலில் இருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் பெர்மிட் வேண்டும், ஓட்டுகிறவருக்கும் அதற்கான லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் அது கெரித்தா சாப்பு, பெர்மிட் இல்லாத வாடகை வண்டி. ரோட் பிளாக்கில் பிடித்தால் வண்டி போகும், அதைவிட மோசம் ஏதாவது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். பிள்ளைகள் விஷயத்தில் அந்த ரிஸ்க் எடுக்காதீர்கள். காசு வாங்காமல் ஓட்டினாலும் டயர், சர்வீஸ், ரோட் டேக்ஸ், அங்கிளுக்கு உடம்பு முடியாத நாள் என்று வரும், ஒரு வருடத்தில் வேன் கோயில் பக்கத்தில் நிற்கும், கோழி முட்டை போடும்.

பஸ் உள்ளே வராததற்குக் காரணம் சொல்கிறேன், எங்களைக் கல் நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். ஐந்தாறு பிள்ளைக்காக மண் ரோட்டில் போய்த் திரும்பினால் இருபது நிமிடம் போகும், அடுத்த கம்பத்துப் பிள்ளைகள் லேட் ஆகும். அதில் இரண்டு வீட்டில் மாதக் காசும் வராது. டீசலையும் பார்க்கணும். யாராவது ஒருவர் மாதம் முதல் தேதி எட்டு சீட்டுக்கு நிச்சயமாகக் காசு வரும் என்று பொறுப்பு எடுத்தால் நான் நாளைக்கே வண்டியை உள்ளே விடுவேன்.

கணக்கு போடுங்கள். ஒரு பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் நீங்கள், பாதி பெற்றோர். உங்கள் பங்கு 60 வெள்ளி என்று வைத்தால் எட்டுப் பிள்ளைக்கு மாதம் 480. வருடத்துக்குப் பதினோரு மாதம், 5,280. கையில் இருக்கிற 18,000 மூன்று வருடத்துக்கு மேல் தாங்கும், நீங்கள் மாதா மாதம் போடுகிற ஐம்பது தனி. பெற்றோர் பங்கை விடாதீர்கள். முழுசாக இலவசம் என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பிள்ளைக்காக ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கணும். காசை வீட்டில் கொடுக்காமல் பஸ்காரனுக்கு நேராகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

மண் ரோட்டை மட்டும் நிர்வாகத்திடம் பேசுங்கள். குலை லாரி போகிற ரோட்டை அவர்கள் எப்படியும் கல் கொட்டித் தட்டுவார்கள், அந்த வழியாகவே பஸ்ஸை விட முடியுமா என்று கேட்டால் மேனேஜருக்கும் செலவில்லை.

---

மண்டபக்_கட்சி:

பையன் சொன்ன குழுவில் கூரை மாற்றலாம் என்று சொன்னவன் நான்தான், இணைப்பை அனுப்பிவிட்டான். சரி, நிலம் பற்றி கிராணி ஐயா சொன்னது புரிகிறது. ஆனால் எல்லாத்தையும் ஆஸ்பத்திரி, விண்ணப்பம், பஸ் என்று ஆக்கிவிட்டால் எப்படி? சாவு விழுந்தால் எட்டு நாள் ஜனம் எங்கே உட்காரும்? மழையில் பதினாறாம் நாள் காரியம் செய்ததைப் பார்த்திருக்கிறேன். மனிதன் பஸ் ஏறி இறங்குவதற்கு மட்டுமா வாழ்கிறான், திருவிழாவுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டாமா? வெளியே போனவர்கள் திரும்பி வருவதே திருவிழாவுக்குத்தான்.

---

ஜாவி_மருமகள்:

இவர் சொல்வதை நான் தள்ள மாட்டேன். எங்கள் பக்கம் ஒரு குழு செய்தது சொல்கிறேன். மண்டபம் கட்டாமல், கெனோப்பி (கூடாரப் பந்தல்) இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலி, மடிக்கிற மேசை, பெரிய சட்டி அண்டா எல்லாம் வாங்கி கோயில் கமிட்டி பேரில் வைத்தார்கள். சாவு, காதுகுத்து, பூச்சூட்டு எல்லாத்துக்கும் அதுதான். வெளி ஆளுக்கு வாடகைக்கு விட்டு அந்தக் காசில் உடைந்ததை மாற்றுகிறார்கள். நாளைக்குத் தோட்டத்தை விற்றாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். பிரச்சினை ஒன்றுதான், அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வைக்கணும், இல்லாவிட்டால் அதுவே ஒரு சண்டை.

---

பாயான்பாரு_பையன்:

ஞாயிற்றுக்கிழமை குழுவில் பேசினோம். மண்டபக் கட்சி கெனோப்பிக்கு இறங்கி வந்துவிட்டது, கணினிக் கட்சி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதில் ஒருவன்தான் கடைக்காரருக்குச் சாரா பதிவு செய்து கொடுக்கப் போகிறான். பஸ்ஸுக்கு முதல் மூன்று மாதம் பரிசோதனை. யாரிடமும் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் நாலு பேர் லயத்துக்குப் போய் வீடு வீடாக உட்கார்ந்து கேட்கப் போகிறோம், டி-சட்டை கிடையாது.

கிராணி ஐயா, பணம் இப்போது என் சொந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அது சரியா?

---

ஓய்வுகிராணி:

சரியே இல்லை. இன்றைக்கு நண்பர்கள், நாளைக்கு யாரோ ஒருவர் பேஸ்புக்கில் கணக்கு கேட்பார். ஏழு பேர் இருந்தால் சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்யலாம், பிறகு சங்கத்தின் பேரில் பேங்க் கணக்கு, இரண்டு கையெழுத்து. அதுவரைக்கும் ஒவ்வொரு ரசீதையும் கோப்பில் வையுங்கள்.

---

தாதி_அக்கா:

ஒன்று விட்டுப்போச்சு. பெர்கேசோவில், அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், இல்லத்தரசிகளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, 2022 டிசம்பரிலிருந்து. வருடத்துக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையில் அடிபட்டாலோ, உடம்பு முடியாமல் படுத்துவிட்டாலோ காப்பு உண்டு. 55 வயதுக்குள் இருக்கணும். லயத்துப் பெண்கள் பத்துப் பேருக்குக் கட்டினால்கூட 1,200 தான். வீடு வீடாகப் போகும்போது இதையும் கேளுங்கள்.

---

ஜாவி_மருமகள்:

அக்கா, இதற்கு நானே ஆள். எங்கே பதிவு செய்வது, வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?

---

தாதி_அக்கா:

பெர்கேசோ கவுண்டரிலும் செய்யலாம், அவர்கள் இணையதளத்திலும் செய்யலாம். உங்கள் மைகாடை எடுத்துக்கொண்டு போங்கள். பட்டர்வொர்த் போகிற நாள் சொல்லுங்கள், முடிந்தால் நானும் வருகிறேன்.